சக்கரக் குழிக்குப் பன்னிரண்டு அடி

பார்த்து வாங்க சார், தண்டவாளம் தடுக்கும். ஐயய்யோ, அதுல உக்காராதீங்க! அது கல்லு. இந்தாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தப்பா நெனைக்காதீங்க. நீங்க தலைமை ஆபீஸ்லருந்து வந்திருக்கீங்க, வெள்ளி விழா மலர் எழுதப் போறீங்க, எல்லாம் சரி. ஆனா அந்தக் கல்லு மேல எந்த அதிகாரி வந்தாலும் உக்கார விடமாட்டேன். போன வருசம் ஒருத்தர் ஷூ லேஸ் கட்டுறதுக்கு அதுமேல காலைத் தூக்கி வச்சாரு. லேஸை நானே கட்டிவிட்டேன், காலை எறக்க வச்சேன்.

ஷெட் கட்டின வரலாறு வேணும்னு கேட்டீங்களாம், ஃபோர்மேன் எங்கிட்ட அனுப்பிவிட்டாராம். சிரிச்சுக்கிட்டேதான் அனுப்பியிருப்பாரு. சிரிக்கட்டும். அவரு வந்து நாலு வருசம் ஆகுது. இந்தத் தும்பைக்காடு லோகோ ஷெட்ல முதல் நாள்லருந்து இருக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு இந்தக் கல்லு. இன்னொண்ணு சடையாண்டி. நான்தான் சார் சடையாண்டி. தற்காலிகக் கலாசி, எடுபிடி வேலைக்காரன். ஆமா, இன்னமும் தற்காலிகம்தான். அதையும் எழுதிக்கங்க. இருபத்தஞ்சு வருசமா தற்காலிகம்.

என்னையும் சேர்த்து நாப்பது பேரை எடுத்தாங்க. முப்பத்தொம்பது பேரு நிரந்தரமாகி, வேற வேற ஊருக்குப் போயி, குவார்ட்டர்ஸ் வாங்கி, பிள்ளைக்குக் கல்யாணமும் பண்ணிட்டாங்க. எம் பொண்டாட்டி ராக்காயி சொல்லுவா, "உன் கல்லு நிரந்தரமாயிடுச்சு, நீ ஆகல"ன்னு. அவளுக்கு வாய் அதிகம். ஆனா இன்னைக்குக் காலைல அவளே என் சட்டையைத் தேய்ச்சுக் குடுத்தா. ஏன்னு கேளுங்க. இன்னைக்கு தேவசகாயம் சார் வர்றாரு!

வெள்ளி விழாவுக்குப் பழைய அதிகாரிகளைக் கூப்பிடணும்னு கமிட்டி போட்டாங்கல்ல, நான் போய் நின்னேன், தேவசகாயம் சாருக்கு ஒரு பத்திரிகை போடுங்கன்னு. எந்த தேவசகாயம்னு கேட்டாங்க சார். எம் மனசு எப்படி இருந்திருக்கும்? இந்த ஷெட்டுக்குக் கோடு போட்ட மனுசன். நாகர்கோவில்ல ரிட்டயராகி இருக்காருன்னு நானே விசாரிச்சு விலாசம் குடுத்தேன். வர்றேன்னு கார்டு போட்டுட்டாரு. ஒம்போது நாப்பது பாசஞ்சர். இப்ப மணி என்ன? பதினொண்ணரையா? வந்துரும் சார், லேட்டு. எப்பவும் லேட்டுதான் இந்த ரயிலு. அதுவரைக்கும் வரலாறைச் சொல்லிர்றேன்.

இங்க வெறும் பொட்டல் சார். கள்ளிச்செடி, ஓணான், அப்புறம் ஒரே ஒரு வாகை மரம். இங்கதான் எஞ்சின் ரிப்பேர் ஷெட்டுன்னு முடிவாச்சு. தேவசகாயம் சார்தான் ஏ.இ., கட்டடத்துக்குப் பொறுப்பான இஞ்சினியரு. நல்லா ஒல்லியா, தொப்பி வச்சுக்கிட்டு, வெயில்ல நின்னு சுண்ணாம்புக் கோடு போடுவாரு. மேற்கு வாசல் மெயின் லைனைப் பார்த்து. கிழக்கு வாசல் பிராஞ்ச் லைனைப் பார்த்து. நடுவுல மூணு தண்டவாளம். ரெண்டு ஓரத்துல இருக்கிறது எண்ணெய் போடறதுக்கு, கழுவறதுக்கு. நடுவுல இருக்கிறதுதான் உசிர். அதுலதான் சக்கரக் குழி. எஞ்சினைக் குழி மேல நிறுத்தி, கீழ எறங்கி சக்கரத்தைக் கழட்டி எடுக்கிறது. அந்தா தெரியுது பாருங்க, இந்தக் கல்லுலருந்து பன்னெண்டு அடி. நானே எத்தனையோ தடவை அளந்திருக்கேன்.

அடிக்கல் நாட்ட மந்திரி வந்தாரு. எந்த மந்திரின்னு கேக்காதீங்க, பேரு கல்லுல இருந்துச்சு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினதுல அழிஞ்சு போச்சு. "அவர்கள்"னு மட்டும் இருக்கு, பாருங்க.

கல்லு நாட்ட வேண்டிய இடம் இது இல்ல சார். அந்தக் கிழக்கு மூலை. அங்கதான் குழி வெட்டி, மஞ்சத் தண்ணி தெளிச்சு வச்சிருந்தோம். சித்திரை மாசம், பன்னெண்டு மணி வெயிலு. ஷாமியானா வாகை மரத்தடில. மந்திரி சோபாவுல உக்காந்தாரு, உக்காந்தவரு எந்திரிக்கல. "கல்லு அங்க இருக்குங்கய்யா"ன்னாரு தேவசகாயம் சார். "கல்லை இங்க கொண்டாங்கய்யா"ன்னாரு மந்திரி. கொண்டாந்தது யாரு? நான்தான். தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்தேன். பெரிய கல்லு ஒண்ணும் இல்ல, ஒரு சிப்பம் அரிசி கனங்கூட வராது.

சோபாவுக்கு முன்னாடி நாலு செங்கல்ல வச்சு நிறுத்தினோம். மந்திரி வெள்ளிக் கரண்டியால சிமெண்ட் வச்சாரு. சிமெண்டைப் பன்னீர்ல குழைச்சிருந்தாங்க, வாசமா இருக்கட்டும்னு. மறுநாளே உதிர்ந்து போச்சு.

மந்திரியை ஸ்டேஷன்ல கொண்டு விடறதுக்கு தேவசகாயம் சார் ஜீப்புல ஏறினாரு. ஏறினவரு எறங்கி எங்கிட்ட வந்தாரு சார். நேரா எங்கிட்ட. "உன் பேர் என்ன"ன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி எந்த ஆபீசரும் எம் பேரைக் கேட்டதில்ல. எல்லாருக்கும் நான் "ஏய்"தான். சடையாண்டிங்க சார்னேன். "நல்ல பேரு. சடையாண்டி, நான் வர்ற வரைக்கும் இந்தக் கல்லை யாரும் தொடக்கூடாது. உன் பொறுப்பு"ன்னாரு. தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாரு.

போனவரு வரல.

ஸ்டேஷன்லயே மாத்தல் ஆர்டர் வந்துடுச்சாம். மந்திரிக்குக் குடுத்த இளநி சூடா இருந்துச்சாம், அதுக்குத்தான்னு சொல்லிக்கிட்டாங்க. வெயில்ல இளநி வேற எப்படி சார் இருக்கும்? அப்படியே வடக்க போற வண்டியில ஏத்திவிட்டுட்டாங்க. அப்புறம் எந்த ஊரு, என்ன பதவின்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சொன்ன சொல்லு இங்க இருக்குல்ல?

மூணாம் மாசம் தண்டவாளம் போட ஆள் வந்துச்சு. மேஸ்திரி பீர்முகமது, தங்கமான மனுசன். கயிறு புடிச்சுப் பாக்கறாரு, கல்லு கரெக்டா நடு லைனுக்கு நடுவுல நிக்குது. கடப்பாரையோட வந்தாரு. நான் கல்லு மேல உக்காந்துட்டேன். "எந்திரிடா, ஓரமா வச்சுட்டு வேலையைப் பாப்போம்"னாரு. தேவசகாயம் சார் சொல்லாம முடியாதுண்ணேன்னு சொன்னேன். ரெண்டு நாள் எதிர்க்க உக்காந்து பீடி குடிச்சாரு. மூணாம் நாள், இதென்ன வம்பு, நமக்குத் தண்டவாளம் போடறதுதானே வேலைன்னு, கல்லை நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைப் போட்டுட்டுப் போயிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. எல்லாம் தற்காலிகம்தானேன்னு நெனைச்சாரு.

அப்புறம் தூண் வந்துச்சு, கூரை வந்துச்சு, குழி தோண்டினாங்க. முதல் எஞ்சின் வந்தன்னைக்கு மாலை என்ன, மேளம் என்ன! மேற்கு வாசல் வழியா உள்ள வந்துச்சு. இந்தா, இந்தக் கல்லுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் கல்லைப் பாத்தேன்.

அப்ப இருந்த ஃபோர்மேன் வரதராஜுலு. கோவக்காரர். "கல்லை எடுடா"ன்னு கத்தினாரு. எழுத்துல குடுங்க சார்னேன். எழுத்துல குடுத்தாரு. கீழ கையெழுத்து அவருது. தேவசகாயம் சாருது இல்ல. நான் எப்படி சார் எடுப்பேன்? ஒருத்தர் ஒப்படைச்ச பொருளை இன்னொருத்தர் கேட்டா குடுத்துருவோமா? உங்க வீட்டுச் சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போறீங்க, பக்கத்து வீட்டுக்காரன் எழுதிக் குடுத்தா நான் தொறந்து விடலாமா? சொல்லுங்க. ஆங், அப்படிச் சொல்லுங்க.

அவரு மேலிடத்துக்கு எழுதினாரு, கல்லை நகர்த்த அனுமதி வேணும்னு. ஏழு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. வரைபடத்துல அந்த இடத்துல கல்லே இல்ல, இல்லாத கல்லை நகர்த்த அனுமதி குடுக்க விதி இல்லைன்னு. அப்ப, கல்லு இருக்குன்னு வரைபடத்தைத் திருத்துங்கன்னு எழுதினாரு. கல்லு நிரந்தரமா இருந்தாத்தான் வரைபடத்துல சேர்க்க முடியும்னு பதில் வந்துச்சு. அன்னைக்கோட வரதராஜுலு சாருக்கு ரத்தக்கொதிப்பு. மாத்திரை போட ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல.

அப்ப எஞ்சின் எப்படிக் குழிக்குப் போகும்னுதானே கேக்கறீங்க? நல்ல கேள்வி. சுத்திப் போகும். மெயின் லைனும் பிராஞ்ச் லைனும் சேர்ற இடம் ஆலங்கோட்டை. மேற்கு வாசல் வழியா வெளிய போயி, பத்தொம்போது கிலோமீட்டரு ஆலங்கோட்டை, அங்க எஞ்சினைத் திருப்பி, பிராஞ்ச் லைன்ல பத்தொம்போது கிலோமீட்டரு வந்து, கிழக்கு வாசல் வழியா உள்ள வந்தா, குழி. மொத்தம் முப்பத்தெட்டு. சக்கரம் கெட்ட எஞ்சினு தானா ஓடாதுல்ல? அதை இழுக்க ஒரு எஞ்சினு. இழுத்துட்டுப் போறப்ப சில சமயம் அந்த எஞ்சினுக்கும் சக்கரம் போயிரும். அதனாலதான் இந்த ஷெட்ல எப்பவும் வேலை நெறைய. மற்ற ஊரு ஷெட்டுல ஈ ஓட்டறான், நம்மகிட்ட வரிசைல நிக்குது. எழுதிக்கங்க, இது பெருமை.

நடுவுல ஒரு அதிகாரி, நல்லவருதான், கல்லை ராத்திரியோட ராத்திரியா அள்ளிப் போட்டுரலாம்னு திட்டம் போட்டாரு. யாரு தடுத்தா தெரியுமா? யூனியன்! சுத்துப் பாதைக்குன்னே பதினாலு பேரைப் போட்டிருந்தாங்க. சங்கிலி மாட்டறவன், கொடி புடிக்கிறவன், ஆலங்கோட்டைல எஞ்சினைத் திருப்பறவன். கல்லை எடுத்தா பதினாலு குடும்பம் நடுத்தெருவுலன்னு வாசல்ல கொடி நட்டாங்க. "கல்லைத் தொடாதே"ன்னு கோஷம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார். அதுவரைக்கும் தனியாளா நின்னேன். அன்னைக்குத்தான் கூட்டம் சேர்ந்துச்சு. ஆனா ஒண்ணு, அந்தப் பதினாலு பேரும் இப்ப நிரந்தரம்.

நான் ஏன் இல்லைன்னா, ஆபீஸ்ல ஒரு கணக்குச் சொல்றாங்க. என்னைய எடுத்தது அடிக்கல் வேலைக்காம். கல்லைச் சுவர்ல பதிச்சாத்தான் அந்த வேலை முடிஞ்சதா அர்த்தமாம். வேலை முடிஞ்சாத்தான் நிரந்தரமாம். அந்தா, மேற்கு வாசல் சுவர்ல சதுரமா ஒரு பள்ளம் தெரியுதா? அதுதான் கல்லுக்கு விட்ட இடம். குருவி கூடு கட்டியிருக்கு. கிளார்க்கு சொல்றான், "சடையாண்டி, முப்பது அடி தூக்கிட்டுப் போயி அதுல வச்சிரு, நாளைக்கே உனக்கு ஆர்டர்"னு. எனக்கு வேண்டாமா சார்? குவார்ட்டர்ஸ் வேண்டாமா? ராக்காயி இன்னும் தெருக்குழாய்ல குடத்தோட நிக்கிறா. ஆனா அவரு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்ல? பாவம் இந்த டிபார்ட்மெண்டு, ஒருத்தன் உழைப்பைக் கண்டுக்காத டிபார்ட்மெண்டு. கல்லு மாதிரி சார் அவங்க மனசு.

எப்படி இம்புட்டுச் சுத்தமா இருக்குன்னு பாக்கறீங்களா? கழுவறேன்ல. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு ஷெட்ல எல்லாத்தையும் கழுவுவோம். ஸ்பானர், சுத்தியல், எஞ்சினு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். இதுக்கும் உண்டு. தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு அந்தக் குழாயடிக்குப் போவேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சு, காய வச்சு, திரும்பக் கொண்டாந்து அதே சுண்ணாம்புக் கோட்டுல வைப்பேன். நூல் புடிச்ச மாதிரி. ஒரு இம்மி நகராது.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நான் தொடலாம். "யாரும் தொடக்கூடாது"ன்னா, யாரும்ல நான் சேர்த்தியா? என் பொறுப்புன்னுதானே சொன்னாரு? பொறுப்புள்ளவன் தொடாம வேற எவன் தொடுவான்!

அதுலயும் ஒரு தடவை மோசம் போகப் பாத்தேன். கல்லு குழாயடில இருக்கு. நான் சாம்பல் அள்ளப் போயிட்டேன். இங்க நின்ன எஞ்சினு டிரைவரு, திருட்டுப்பய, எடம் காலியா இருக்கேன்னு மெதுவா உருட்டறான். சத்தம் கேட்டுச்சு பாருங்க, ஈரக் கல்லைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்தேன். இன்னும் மூணு அடி வந்திருந்தா தாண்டியிருப்பான். டொக்குனு வச்சேன் சார் முன்னாடி. அப்படியே பிரேக் அடிச்சான். அவன் முகத்தைப் பாக்கணுமே. அழுதுட்டான்னு நெனைக்கிறேன். அதுலருந்து, கழுவப் போறப்ப நம்பிக்கையான ஒரு ஆளை இந்த எடத்துல நிறுத்திட்டுத்தான் போவேன்.

காலைல அஞ்சு மணிக்குக்கூட ஒரு எஞ்சினு வந்துச்சு. அச்சு சூடேறிப் புகையுது. இங்கதான் நின்னுச்சு, நீங்க உக்காந்திருக்கிற எடத்துக்கு நேரா. டிரைவரு கையெடுத்துக் கும்பிட்டாரு, "அண்ணே, பன்னெண்டே அடிண்ணே"ன்னு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னைக்குப் போயி! இருபத்தஞ்சு வருசம் காத்துட்டு, அவரு வர்ற அன்னைக்கு அவரு முகத்துல எப்படி முழிப்பேன்? சுத்திக்கிட்டுப் போங்கன்னுட்டேன். எட்டு மணிக்கு இழுத்துட்டுப் போனாங்க, மாட்டு வண்டி கணக்கா.

அந்தா வர்றான் பாருங்க முனியசாமி. பாயிண்ட்ஸ்மேன், லைன் மாத்தி விடறவன். ஸ்டேஷன்லருந்துதான் வர்றான். வாப்பா! பாசஞ்சர் வந்துருச்சா? சார் எங்கப்பா?

என்னது?

எங்க நிக்குது? ஆலங்கோட்டைக்கு அங்கிட்டா? ரெண்டு மணி நேரமாவா? ஏன்?

கேட்டீங்களா சார் கூத்தை. காலைல இங்கருந்து போன எஞ்சினு ஆலங்கோட்டை போறதுக்குள்ள சக்கரம் எறுகி லைன்லயே உக்காந்துடுச்சாம். ஒத்தை லைனு. பாசஞ்சர் அதைத் தாண்டி எப்படி வரும்? இதுதான் சார் இந்த ரயில்வே. ஒரு எஞ்சினை ஒழுங்கா ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டு போகத் துப்பில்ல. இதை மலர்ல போடுவீங்களா? போடமாட்டீங்க.

என்ன சார்? இதுக்கும் கல்லுக்கும் சம்பந்தம் இருக்கா? என்ன சம்பந்தம்? கல்லு இங்க இருக்கு, எஞ்சினு அங்கல்ல நிக்குது.

சரி, சார் எப்படி வர்றாராம், முனியசாமி? கார் ஏதாவது அனுப்பச் சொல்லு ஃபோர்மேனை. எழுபத்தஞ்சு வயசு மனுசன், வெயில்ல...

போயிட்டாரா?

எங்க போயிட்டாரு?

மெதுவாச் சொல்லு. இந்த சாருக்கும் கேக்கட்டும். எறங்கி, தண்டவாளத்தோரமா நடந்து, ரோட்டைப் புடிச்சு, பஸ் ஏறி ஊருக்கே திரும்பிட்டாராம் சார். அந்த ரயிலோட கார்டு ஸ்டேஷனுக்கு போன்ல சொன்னாராம். ஏன் இப்படி வண்டி நிக்குதுன்னு அவரு கேட்டிருக்காரு. கார்டு சொல்லியிருக்காரு, ஷெட்டுக்குள்ள ஒரு கல்லு இருக்கு, அதனால எல்லா எஞ்சினும் சுத்திப் போகுதுன்னு. அதுக்கு அவரு என்ன சொன்னாராம்? சொல்லு முனியசாமி, பரவால்ல. "எவன்யா அந்த முட்டாப்பய, எடுத்து ஓரமா வைக்கத் தெரியாதா"ன்னாராம்.

இல்ல சார். அவரு அப்படிப் பேசறவரு இல்ல. தங்கமான மனுசன், எம் பேரைக் கேட்டவரு. கார்டு ஒண்ணைக் கூட்டியிருப்பான், இவன் ரெண்டைக் கூட்டியிருப்பான். போப்பா, போ. அப்படியே அவரு சொன்னாருன்னாலும், கார்டு கேட்டு, கார்டு இவங்கிட்டச் சொல்லி, இவன் எங்கிட்டச் சொல்றது உத்தரவாகுமா? நான் வர்ற வரைக்கும்னுதானே சொன்னாரு? வந்தாரா? வரல. அப்ப?

மனசு கஷ்டமாத்தான் சார் இருக்கு. பொய் சொல்லமாட்டேன். ராக்காயிகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. சாருக்குன்னு பணியாரம் சுட்டு வச்சிருக்கா. நீங்க சாப்பிட்டுப் போங்க.

பரவால்ல. பொன் விழா வரும்ல? இருவத்தஞ்சு வருசம் ஒரு வருசமா? கண் மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும். இப்பவே ஓடிருச்சுல்ல. அன்னைக்கு அவருக்கு நூறு வயசு இருக்கும், காரே வச்சுக் கூட்டியாந்துரலாம்.

சாயங்காலம் விழாவுக்கு அதிகாரிங்க வருவாங்க. பாருங்க, எஞ்சின் புகை எப்படிக் கரியாப் படிஞ்சிருக்குன்னு. ஒரு தேய் தேய்ச்சுட்டு வந்துர்றேன். தள்ளிக்கங்க சார். இப்படித்தான், ஒரு கை இங்க, ஒரு கை அடியில, ஹூப்! பாத்தீங்களா, ஒண்ணும் கனமில்ல.

அப்புறம் சார், அந்தா மேற்கு வாசல்ல ஒரு எஞ்சினு வந்து நிக்குது. அவன் ஹாரன் அடிப்பான், கும்பிடுவான், அழுவான். நீங்க அசையாதீங்க. இங்க வாங்க, இந்த ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல, சுண்ணாம்புக் கோட்டு மேல நில்லுங்க. ஆங், அப்படித்தான்.

இம்புட்டு நேரம் பேசிட்டேன், உங்க பேரைக் கேக்கவே இல்லியே. உங்க பேர் என்ன சார்?

நல்ல பேரு. நான் வர்ற வரைக்கும் யாரையும் தாண்ட விட்டுறாதீங்க. உங்க பொறுப்பு.